பூட்டுன ரூம்ல இருபத்தஞ்சு டிஸ்க்கு

போனையெல்லாம் கவுத்து வைங்கடா... வெளிச்சம் வேணாம். இது என் ஃப்ரெண்டு சித்தார்த்தோட பெரியம்மா பையனுக்கு நடந்தது. பேரு மோகன்குமார்.

நைட்டு பதினொன்னே முக்கால். சிவதாபுரம் தாண்டி இளம்பிள்ளை போற ரோடு. ஒரு லாரி கூட இல்ல. சேலம் அஸ்தம்பட்டில இருந்து பைக்க முறுக்கிட்டு வந்துட்டு இருக்கான் மோகன். பயந்துட்டேதான் வர்றான். பேய்க்கு இல்ல... கம்ப்யூட்டருக்கு.

இளம்பிள்ளைல மணியன்னு ஒருத்தரு. சேல டிசைன் போட்டு தறிக்காரங்களுக்குக் குடுக்கறவரு. பன்னெண்டு வருச டிசைன் மொத்தமும் ஒரே சர்வர்ல. அத ஒரு சின்ன ரூம்ல வெச்சுப் பூட்டி, வயர மட்டும் வெளிய விட்டிருப்பாங்க. ரெண்டு வருசம் முன்னாடி மோகன்தான் செலவில்லாம ஒரு வழி பண்ணிக் குடுத்தான். தினம் நைட்டு ரெண்டு பத்துக்கு எல்லாத்தையும் அதுவே டிவிடில எழுதும். எழுதி முடிச்சா ட்ரே வெளிய வரும்... கிர்ர்ர்... டக். மனுசன் செய்ய வேண்டியது ஒன்னே ஒன்னு. எழுதுன டிஸ்க்க எடுத்து, தேதி போட்டு டப்பால வெச்சுட்டு, புதுசு ஒன்னு வெக்கணும்.

அதச் செஞ்சது மேனேஜர் பெனடிக்ட் அண்ணன். தேதிக்கு மேல சின்னதா ஒரு சிலுவை போடுவாரு... நாம பிள்ளையார் சுழி போடறோம்ல, அப்படி. ஆளு வந்தாலே தைல வாசம் அடிக்கும். ஒரு நாள் கூட விட மாட்டேன் மோகனுன்னு சொன்னாரு. விடவும் இல்ல.

அன்னிக்கு சர்வர் செத்துப்போச்சு. தீபாவளி டிசைன் எல்லாம் உள்ள. நாப்பது தறி காத்துட்டு நிக்குது. மோகன் போன்ல கூலா சொன்னான், பெனடிக்ட் அண்ணன நேத்து டிஸ்க்க எடுத்து வெக்கச் சொல்லுங்க, விடியறதுக்குள்ள ஏத்திரலாம்னு.

அந்தப் பக்கம் மணியன் சொன்னாரு...

"பெனடிக்ட் எறந்து இருபத்தஞ்சு நாள் ஆச்சு சாமி."

அப்ப டிஸ்க்க யாருங்க மாத்தறதுன்னு கேட்டான்.

"நீதான எல்லாம் தானா நடக்கும்னு சொன்ன?"

சொன்னான்தான். ஆள் மாத்தணுங்கறத பெனடிக்ட்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தான். அந்த ரூம் சாவியும் அவரு சட்டப் பாக்கெட்டுலயே இருந்து, பெட்டியோட குழிக்குள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் ரூம யாரும் தொறக்கல. தீபாவளி டிசைன் போச்சு... மோகன் பேரும் போச்சு.

போய் எறங்குனான். மணியன் கம்பிய வெச்சு பூட்ட நெம்புனாரு. கதவு தொறந்துச்சு...

தைல வாசம்.

தரையெல்லாம் தூசி. அதுல ஒரு காலடி கூட இல்ல. மோகன் வெச்சதுதான் மொதக் காலடி. டப்பாவத் தொறந்தான். ஒன்னு, ரெண்டு, மூனு... எண்ணிட்டே போறான். இருபத்தஞ்சு டிஸ்க்கு புதுசா இருக்கு. ஒவ்வொன்னுலயும் தேதி, எல்லாம் பெனடிக்ட் அண்ணன் எறந்ததுக்கு அப்புறம். மேல சின்னதா ஒரு சிலுவை. கடைசி டிஸ்க்குல நேத்து தேதி... மார்க்கர் மை அவன் கட்டவிரல்ல ஒட்டுச்சு. இன்னும் காயல.

மணியன் வாசப்படியவே தாண்டல. மோகன் புது ஹார்ட் டிஸ்க் மாட்டி, டிசைன ஏத்த ஆரம்பிச்சான். ஒன்னு கூட கெடல. சரியா ரெண்டு பத்து... அவன் இன்னும் எதையும் செட் பண்ணவே இல்ல...

கிர்ர்ர்... டக்.

காலி ட்ரே வெளிய வந்து நின்னுச்சு. புது டிஸ்க்குக்கு.

"போதுங்ணா. நீங்க போங்க. இனி நான் மாத்தறேன்."

வாசம் சட்டுனு நின்னுருச்சு.

சொன்ன மாதிரியே நாலு மாசம் தினமும் சாயங்காலம் போனான். தேதிக்கு மேல அவன் பிள்ளையார் சுழி போடுவான். அப்புறம் டெங்கு வந்து ஆஸ்பத்திரில மூனு நாள் கெடந்தான். கையில ட்ரிப்ஸ்... பாத்ரூமுக்கே ஆள் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். நாலாம் நாள் மணியனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டான்.

"எதுக்கு சாமி? நீதான் மூனு நாளும் வந்து மாத்திட்டுப் போயிருக்கயே."

வாட்ஸப்புல போட்டோ வந்துச்சு. மூனு டிஸ்க்கு. மூனுலயும் சுழி. தேதில வர்ற ஏழு நம்பருக்கு நடுவுல அவன் போடற கோடு கூட அப்படியே இருக்கு.

அந்த வேலைய விட்டு அஞ்சு மாசம் ஆச்சு. இளம்பிள்ளை பக்கமே அவன் போறதில்ல. ஆளு நல்லாத்தான் இருக்கான்... இன்னிக்குச் சாயங்காலம் கூட சித்தார்த்தோட டீ குடிச்சான்.

மணியன் மட்டும் தினமும் காலைல ஒரு டிஸ்க்கு போட்டோ அனுப்பறாரு. கீழ ஒரே வரி...

"நேத்தும் வந்துட்டுப் போயிருக்க, ரொம்ப சந்தோசம் சாமி."