ஒரு டிக்கெட் கனம்

– என் மானத்துக்கு நானூத்தம்பது ரூவாயா மாப்ளே? வண்ணார்பேட்டையில பதினெட்டு வருசமா இரும்புக்கடை வச்சிருக்கேன். இந்தப் பிளாஸ்டிக் பல்சக்கரத்த எடை போட்டா நாலு ரூவா பெறாது.

– எடை போட்டா நீங்களும் நானுங்கூடத்தான் பெறமாட்டோம் அத்தான். வேண்டாம்னா விடுங்க. ஒத்திகையிலயே உங்க கார் பல்லு பூராத்தையும் துப்பிட்டு நிக்கி. ஓட்டத்துக்கு இன்னும் கால்மணி நேரம் கிடக்கு. பாளையங்கோட்டையில இந்தச் சாமான் வேற யாருகிட்ட இருக்கோ, போய்க் கேளுங்க.

– யூனிஸ், ஒன் தம்பி மெர்வின் பேசுத பேச்சக் கேட்டியா? கோர்ட்டுல குமாஸ்தா வேல பாக்கான், வாய் மட்டும் ஜட்ஜு கணக்கா.

– கேட்டேன். என் புருசனும் என் தம்பியும் கோயில் மைதானத்துல ஆளுக்கொரு ரிமோட் காரு முன்னால முட்டி போட்டுக் கிடக்கத, சபையே மதிலு மேல ஏறிப் பாக்குது. எனக்கு இருக்க பெருமை கொஞ்சநஞ்சமில்ல.

– விளையாட்டுன்னா நினைச்ச? அசனப் பண்டிகைக்குச் சபையே உக்காந்து சாப்பிடுத கறிச்சோறு. அந்த அண்டாவுல சட்டுவம் பிடிக்கது யாருங்கிற விசயம் இது. பன்னெண்டு வருசமா நான் பிடிச்ச சட்டுவம், பாத்துக்க.

– பன்னெண்டு வருசமா சபை உப்புக் கரிச்சுத் தின்னுச்சு. அதான் இந்த வருசம் நான் கேட்டேன். நம்ம பாஸ்டர் ஐயரு, பேசித் தீத்துக்கிடுங்கன்னாரு. 'கார் ஓட்டிப் பாப்பமாலே'ன்னு கூட்டத்துல எந்திரிச்சது நீங்கதான் அத்தான்.

– இப்பவும் எந்திரிப்பேன். இந்தா ரூவா, கொண்டா அத.

– அய்யய்ய, மோட்டார அப்பிடி ஒட்டத் தள்ளாதிய. ரெண்டு பல்லுக்கும் நடுவுல ஒரு தாள் வைக்கணும். இந்தா, நான் வந்த பஸ் டிக்கெட்டு. இத வச்சு அமுக்கி, லேசா முறுக்கி, டிக்கெட்ட உருவி, ஆட்டிப் பாத்துட்டு, பெறவு நல்லா முறுக்கணும். அந்தக் கனந்தான் பிளே.

– பிளேயா? சந்து விட்டா இழுவை எங்கன இருந்துலே வரும்? என் கடை நட்டுல பிளே இருந்தா, வாங்குனவன் மூஞ்சியில எறிவான்.

– இது நட்டு இல்ல அத்தான், ஓடுத பல்லு. இறுக்குனா மோட்டார் தீயும். ரொம்ப விட்டா பல்லு மழுங்கிரும்.

– தோக்கடிக்க வந்தவன் எனக்கு வழி சொல்லித் தாரான். அம்புட்டு நல்லவனாலே நீ?

– தோக்கடிக்கதுக்கு நீங்க ஓடணும்லா? நின்னு கிடக்க காரத் தாண்டிப் போயி நான் சட்டுவம் பிடிச்சா, ஒருத்தன் மதிப்பானா? என் வண்டியப் பாருங்க, இதுலயும் இப்பத்தான் மோட்டார இளக்கி மாட்டுதேன். டிக்கெட்ட உருவிட்டேன். விரலால ஆட்டுங்க. டிக்கு டிக்குன்னு லேசா ஆடுதா? இனி கடைசி முறுக்கு...

– கொண்டாலே அந்தத் திருப்புளிய! வாத்தியாரு வேலைக்கா வந்த?

– அத்தான்! கதவுக்குத் தாப்பா போடுத மாதிரி முறுக்குதிய! டிக்கெட்டு எங்க?

– காத்துல விட்டாச்சு. கண்டக்டர் கிழிச்ச தாள நம்பி வண்டி ஓட்டுத நிலமைக்கு நான் வரல. பாத்துக்க, மயிரிழை அசையுதா?

– அக்கா, நீயே சொல்லு.

– நான் என்னத்தச் சொல்ல? ஐயரு விசிலு எடுத்திட்டாரு, ரெண்டு பேரும் கோட்டுக்குப் போங்க. ஏங்க, திருப்புளிய எங்கிட்ட குடுங்க, குத்திக்கிடாதிய.

– போகுதுலே! என் வண்டி போகுத போக்கப் பாத்தியா!

– அது ஓலம் போடுது அத்தான், காது கேக்கலியா?

– புலி உறுமத்தான் செய்யும்.

– புலி வாயில என்ன புகை?

– தூசிலே.

– தூசி கருப்பாவா வரும்? தீஞ்ச வாடை குடலப் பிடுங்குது. நின்னுட்டு! அக்கா, நின்னுட்டு பாத்தியா! இனி நான் அரைச் சுத்து பைய உருட்டினாப் போதும்... ஏ, என்ன இது?

– கடகடங்குதே மாப்ளே. ஒன் வண்டி முறுக்கு திங்குதோ?

– டிக்கெட்டு வச்சேனே... ஆட்டிப் பாத்தேனே...

– கடைசி முறுக்கு முறுக்கலலா நீ? திருப்புளியத்தான் அவுக பிடுங்கிட்டாகளே. மோட்டார் பின்னால நகந்துட்டு, பல்லு வழிச்சிட்டுப் போச்சு.

– பாத்துக்கிட்டா இருந்த அக்கா? கூடப்பிறந்தவன்னு ஒரு வார்த்தை சொன்னியா?

– கட்டினவருக்குந்தான் சொல்லல.

– அடிப்பாவி. ரெண்டும் கோட்டத் தொடலியே, இனி சட்டுவம் யாருக்குட்டி?

– கணக்கு நேராத்தான் இருக்கு. உங்களுக்கு ஒரு தீஞ்ச மோட்டாரு, அவனுக்கு ஒரு மொட்டச் சக்கரம். ரெண்டு காரும் நின்னுட்டா, வருசாவருசம் மறைவுல உக்காந்து மசாலா அரைக்க பொம்பளையளுக்கு அண்டான்னு காலையிலயே ஐயருகிட்ட கேட்டு வாங்கிட்டேன். வெங்காயம் நாலு மூட்டை வந்து இறங்கியிருக்கு. ஆளுக்கு ரெண்டு, உரிங்க.