ஆள் இல்லாத மில்லில் ஓடும் மோட்டார்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறிய மாவு மில்காரர் தம் தங்கை கணவரிடம் சொன்னது, முன் இருக்கையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அரைக்க ஆள் இல்லேன்னாலும் மோட்டாரை நிறுத்த மாட்டேன், மாப்ள."

"அப்புறம் கரண்ட் பில் தாங்கல, மில்லை மூடப்போறேன்னு ஏன் புலம்புறீங்க?"

"சத்தம் கேக்கலேன்னா கரண்ட் கட்டுன்னு நினைச்சு தெருமுனையிலேயே திரும்பிடறாங்களே!"

"வாசல்ல ஒரு சிவப்பு பல்பு போடுங்க மச்சான். எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு தெருவுக்கே தெரியும். ஆள் வந்தப்புறம் மோட்டாரைப் போடுங்க."

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. மாம்பழச்சாலையில் மில்காரர் சட்டென்று எழுந்தார்.

"ஸ்ரீரங்கம் இன்னும் வரலியே?"

"இங்க எலக்ட்ரிக் கடை இருக்கு. மில்லை மூடல, மாப்ள. மோட்டாரை நிறுத்தறேன்."

பஸ் நகர்ந்ததும் தங்கை கணவர் ஜன்னல் வழியே கத்தினார்: "ஜீரோ வாட்ஸா பார்த்து வாங்குங்க!"