மாப்பிள்ளை ஊதாத சிகரெட்

— இன்னொரு தடவை சொல்றேன், கேட்டுக்க மாப்ளே. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்டுன்னு உள்ள இருக்கிற நர்சம்மா கேட்டா சட்டுன்னு பதில் சொல்லிடாத. மேல பாத்துக் கொஞ்சம் யோசி. நெசமா ஊதுறவனுக்குக் கணக்குத் தெரியாது.

— சரிங்க மாமா. இப்படியா?

— ஃபேன் சுத்துறதை எண்ணுற மாதிரி இருக்குடா. விரலைக் காட்டு. இவ்வளவு சுத்தமான விரலைப் பாத்தா எவ நம்புவா? சட்டையில வேற சோப்பு வாசம். ஆமா, ஒரு தம் கூட அடிக்காதவன், நெஞ்சைப் படம் புடிச்சே ஆகணும்னு ஏன் ஒத்தைக் கால்ல நிக்கிற?

— கல்லு அறுக்கிறேன்ல மாமா. மூக்கைச் சிந்துனா தூசிதான் வெள்ளையா வருது. இருமலும் நிக்க மாட்டேங்குது. இந்தப் படம் எடுக்க, கைக்காசு போட்டுக் கட்டுப்படி ஆகாது. முன்னாடியெல்லாம் நோய் வந்து படுத்தாத்தான் இன்சூரன்ஸ் குடுப்பாங்க. இப்ப வர்றதுக்கு முன்னாடியே பாத்துக்கலாம்னு மாத்தியிருக்காங்க. ஆனா அம்பது வயசு தாண்டியிருக்கணும், இருபது வருசமாவது தெனம் ஒரு பாக்கெட்டு ஊதியிருக்கணும். எனக்கு வயசு இருக்கு, புகைதான் இல்ல.

— அடப்பாவிகளா! ஒழுங்கா இருந்தவனுக்குக் கெடையாது, ஊதித் தள்ளுனவனுக்கு இனாமா?

— உங்களுக்குன்னா பொய்யே சொல்ல வேணாம் மாமா. நீங்களும் ஒரு தடவை...

— ஆரம்பிச்சிட்டியா? வீட்டுல உங்கக்கா இதே ரேடியோவைத்தான் நாலு மாசமா வெச்சிருக்கா. ஓடுற லாரியோட பானெட்டை எவனாவது தொறப்பானா? தொறந்தா மெக்கானிக்கு பத்துக் கோளாறு சொல்லுவான்.

— ராத்திரி நீங்க இருமுனா பக்கத்து வீட்டு நாய் குரைக்குதாமே?

— அது நாயோட கோளாறு. நான் உனக்குத் துணைக்கு வந்தவன், அவ்வளவுதான்.

— அடுத்தது யாரு? உள்ள வாங்க. ரெண்டு பேருமா?

— நான்தாங்க சிஸ்டர். இவரு எங்க அக்கா வீட்டுக்காரரு, லாரி ஓட்டுறாரு. தைரியத்துக்குக் கூட்டியாந்தேன்.

— உக்காருங்க. எப்ப ஊத ஆரம்பிச்சீங்க?

— வந்து... கல்யாணத்துக்கு அப்புறம் சிஸ்டர்.

— கல்யாணத்துக்கு அப்புறம் எவன்டா ஆரம்பிப்பான்? அப்பத்தான் விடச் சொல்லி வீட்டுல வெளக்குமாத்தைத் தூக்குவாங்க. பதினாறு வயசுல தாயி. லாரியில கிளீனரா ஏறுன அன்னைக்கே. தூக்கம் வராம இருக்க டிரைவரே பத்த வெச்சு வாயில சொருகி விட்டாரு.

— இவரு கல்லு அறுக்கிறவருன்னு சொன்னாங்களே?

— அ... அந்த லாரியில கல்லுதான் தாயி ஏத்துனோம். அங்கேருந்து கல்லுப் பக்கம் போயிட்டான்.

— சரி. அடுத்தது. ஒரு நாளைக்கு எத்தனை? ஏங்க, ஃபேன்ல என்ன பாக்குறீங்க?

— யோசிக்கிறேன் சிஸ்டர். ஒரு... மூணு?

— மூணா! பல்லு வெளக்குறதுக்கு முன்னாடியே மூணு போயிடும் தாயி. ரெண்டு பாக்கெட்டுன்னு போடு. செக்போஸ்டுல ஓரங்கட்டி நிறுத்திட்டா அதுவும் பத்தாது.

— அடுத்தது. நடுவுல விட்டதுண்டா?

— இல்லீங்க சிஸ்டர்.

— இருக்குடா! மூத்தவ பொறந்தப்ப ஒரு வாரம் விட்டேன்ல... விட்டான். தூக்குனாலே புள்ள மூஞ்சியைச் சுளிக்குது. அப்புறம் நடுக்காட்டுல வண்டி பஞ்சர். கூட ஒரு ஈ காக்கா இல்ல. மனுசன் வேற என்னதான் செய்வான்?

— மூச்சு வாங்குமா?

— படி ஏறுனா கொஞ்சம் வாங்கும் சிஸ்டர்.

— கொஞ்சமாம்! ரெண்டாவது கியருக்கு மேல வண்டி போகவே போகாது தாயி. போன மாசம் எச்சில்ல செவப்பா ஒரு இழை வந்துச்சு. தண்ணியை ஊத்திக் கழுவி விட்டுட்டு வந்து படுத்துக்கிட்டான். வீட்டுல மூச்சு விடல.

— மாமா... இது எனக்குத் தெரியாதே.

— உனக்கு எப்படிடா தெரி... டேய், உன் எச்சில்டா! உனக்குத் தெரியாம எப்படி?

— போதும் ஐயா. அந்தச் செவப்பை இன்னைக்கே டாக்டரும் பாக்கணும். நீங்க சொன்ன புகை ரெண்டு ஆளுக்குத் தாங்கும். சட்டையைக் கழட்டிட்டு அந்த ரூமுக்குப் போங்க.

— போ மாப்ளே, கழட்டு.

— அவரில்ல. நீங்க.

— நானா?

— பதிஞ்சிருக்கிறது உங்க பேரு. உங்க வீட்டம்மா காலையிலேயே உங்க இன்சூரன்ஸ் கார்டைக் குடுத்துட்டாங்க. அவரைக் கேட்டா வாயைத் தொறக்க மாட்டாரு, என் தம்பி தப்பாச் சொன்னா திருத்தாம இருக்க மாட்டாருன்னு சொல்லிட்டுப் போனாங்க.

— டேய்! அக்காளும் தம்பியும் சேந்து எனக்கே ரூட்டு போட்டுட்டீங்களாடா?

— கோச்சுக்காதீங்க மாமா. அக்கா அழுதுச்சு.

— அழுதாளா? அவளா? நான் இப்படியே எந்திரிச்சு நடையைக் கட்டுனா என்ன பண்ணுவீங்க?

— வாசல் பெஞ்சுல அக்காதான் மாமா உக்காந்திருக்கு.

— ...இந்தப் பட்டன் ஏன் கழலவே மாட்டேங்குது? வெரலு வெறைச்சுக் கெடக்கு. ஏசி கொஞ்சம் ஜாஸ்தி.

— இங்க ஏசியே கெடையாதுங்க ஐயா.

— இருடா மாப்ளே. அப்ப மூக்குல வெள்ளையா வருதுன்ன, இருமல்ன்ன. அதுவும் நடிப்பா?

— அது... அது நெசம்தான் மாமா.

— நெசமா? தாயி, அப்ப இவனுக்கு?

— இப்போதைக்கு ஊதுனவங்களுக்கு மட்டும்தான் ஐயா. கல்லுத்தூசி தின்னவங்களையும் சேருங்கன்னு நாங்களும் எழுதிப் போட்டுக்கிட்டேதான் இருக்கோம். இன்னும் உத்தரவு வரல.

— அது வர்ற வரைக்கும் தூசி இவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?

— நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க? சட்டம் போடுறவங்க யாரும் இந்த மேசைக்கு வர்றதில்ல. அடுத்தது...

— பேனாவை மூடாத தாயி. என் புகை ரெண்டு ஆளுக்குத் தாங்கும்னு நீதானே சொன்ன? பாதியை இவன் பேர்ல எழுது. நான் பத்த வெச்சது பூராவும் பக்கத்து சீட்டுல உக்காந்து புடுங்கிப் புடுங்கி இந்தத் திருட்டுப்பயதான் ஊதுனான். நான் கண்ணால பாத்த சாட்சி.