பின் சீட்டில் கட்டிய மூட்டை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் இருசக்கர வாகனப் பழுதுபார்ப்போர் சங்கச் செயலாளர் முத்துவேல் அண்ணன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும், நம் தலைவரின் துணைவியார் அம்முலு அக்கா அவர்களே, கடையைச் சாத்திவிட்டும் கழனி வேலையைப் போட்டுவிட்டும் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் உத்திரமேரூர் மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் இளமதி. பி.காம். படித்தவள். மூன்று வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். சங்கத்துக்கு மனு, தீர்மானம், கடிதம் என்று எது வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த உரையையும் நான் எழுதித் தர, முத்துவேல் அண்ணன் படிப்பதாகத்தான் ஏற்பாடு. எழுதி முடித்தபின் தாளை அவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. நானே படிக்கிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அவருக்கே தெரியும்.

யாரை இழந்து நிற்கிறோம்? சங்கத் தலைவர், மெக்கானிக் வேதகிரி அவர்களை இழந்து நிற்கிறோம். முப்பத்தாறு வருடம் ஒரே கொட்டகையில், ஒரே மர முக்காலியில் உட்கார்ந்து, இந்த வட்டாரத்து வண்டிகளுக்கெல்லாம் நாடி பார்த்த மனிதரை இழந்து நிற்கிறோம்.

நம் ஊரில் பழைய வண்டி வாங்கினாலும் புது வண்டி வாங்கினாலும் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? என்ன விலை என்று கேட்க மாட்டார்கள், எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்க மாட்டார்கள். "வேதகிரி பாத்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். பார்த்துவிட்டார் என்றால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

அவர் வாயில் பொய் வராது. புள்ளலூர் கிருஷ்ணசாமி தன் வண்டியை விற்க ஆள் கூட்டி வந்தபோது நடந்ததை நீங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். கிருஷ்ணசாமி அரைமணி நேரம் வண்டியின் பெருமையைப் பாடினார். அண்ணன் கிளட்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாங்க வந்தவர் எதிரிலேயே, "வண்டி நல்லாத்தான் கீது கிருஷ்ணசாமி. நீ பேசறதுதான் ஸ்லிப் ஆவுது" என்றார். அந்தக் கிருஷ்ணசாமிதான் பதினாறு நாளாக அம்முலு அக்கா வீட்டு வாசலில் தண்ணீர்க் கேன் இறக்கிக்கொண்டிருக்கிறார்.

மழைக்காலத்தில் ஷாரோன் சிஸ்டர் பிரசவம் பார்க்கக் கிளம்பி, ஸ்கூட்டர் நடுவழியில் நின்றுபோனபோது, தன் வண்டியை அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த ஸ்கூட்டரை நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர். அன்று பிறந்த பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. சிஸ்டர் பின்வரிசையில் இருக்கிறார். தலையை ஆட்டுகிறார்.

இதையெல்லாம் சொல்லத்தான் நான் எழுந்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படியே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவருடைய அரிசி மூட்டைப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வாங்கியவர் மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு பேர் பாரத்துக்கு பிரேக் பிடிக்கவில்லை. அந்த அம்மா இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அதிலிருந்து அண்ணன் எந்த வண்டியையும் தனியாக ஓட்டித் தீர்ப்புச் சொன்னதில்லை. தனியாக ஓட்டிப் பார்த்துச் சொல்வது வண்டியைப் பற்றிச் சொல்வது ஆகாது, என்னைப் பற்றிச் சொல்வது என்பார்.

வண்டி வாங்குகிறவர் தன் மனைவி என்ன எடை, பிள்ளைகள் என்ன எடை என்று பார்த்து, அதே எடைக்குத் தன் வீட்டு அரிசியை மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டும். அதை ட்யூப் ரப்பரால் பின் சீட்டில் இறுக்கிக் கட்டி, ஏரிக்கரைச் சாலையில் ஓட்டி, மதகு வளைவுக்கு முன்னால் பிரேக் அடித்துப் பார்ப்பார். ஏன் வீட்டு அரிசி? கடையில் மணல் மூட்டை கிடக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். மணல் மூட்டை என்றால் கையும் காலும் அலட்சியமாக இருக்கும், ஒரு வீட்டுச் சோறு பின்னால் இருக்கிறது என்றால் அப்படி ஓட்ட வராது என்றார்.

எடையை அவர் மறுபடி நிறுத்துப் பார்க்க மாட்டார். கொண்டுவந்தவர் சொன்னதுதான் கணக்கு. தன் பெண்டாட்டி பிள்ளை விஷயத்தில் எவன் பொய் சொல்வான்? அந்த நம்பிக்கை அவருக்கு.

என் கணவர் சுகுமார் ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கனவு, ஃபால்கன் வண்டி. பந்தயத்துக்கென்றே செய்த பழைய டூ ஸ்ட்ரோக் ஃபால்கன். இருபது வருடத்துக்கு முன்பே அதை நிறுத்திவிட்டார்கள். போன வருடம் அதே பெயரில் புது ஃபால்கன் வந்தது. பழையது ஒன்று வாலாஜாபாத்தில் பாண்டியன் அண்ணனின் ரைஸ் மில் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. புதியது காஞ்சிபுரம் ஷோரூமில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. எதை வாங்குவது? மூன்று மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அவர் பழையதின் சத்தத்தைப் பற்றிப் பேசுவார். நான் புதியதின் பிரேக்கைப் பற்றிப் பேசுவேன். வழுக்காமல் நிற்கும் பிரேக் அதில் உண்டு, பழையதில் வெறும் டிரம் பிரேக். போனில் தேடித் தேடி விபத்துச் செய்திகளாகப் படித்து வைத்திருந்தேன். எனக்குப் பயம். எதைப் பார்த்தாலும் பாப்பா தலை தரையில் மோதுவதுபோலவே கண்ணுக்குள் வரும். கடைசியில் இருவரும் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டோம். வேதகிரி அண்ணன் எதைச் சொல்கிறாரோ அது.

ஒப்புக்கொண்டேனே தவிர, எனக்கு மனம் ஆறவில்லை. அண்ணனே இளம் வயதில் பழைய ஃபால்கன் ஓட்டியவர். கொட்டகைச் சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அவர் அதன் பக்கம்தான் சாய்வார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதனால் ஒருநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனேன். பழையது ஓட்டத்துக்கு ஆகாது என்று சொல்லிவிடுங்கள், அது பொய்யாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பாப்பாவுக்கு ஒரு பழைய ஹாரனை எடுத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"சொல்லிடலாம்மா. ஒரு வார்த்தைதானே. நாளிக்கு உன் வூட்டுக்காரு வேற வண்டிய கொண்ணாருவாரு. நல்லா கீதுன்னு நான் சொல்லுவேன். அப்போ நீ நம்புவியா? அதுல ஏறி ஒக்காருவியா? நீயே நம்ப மாட்ட. அப்புறம் நான் இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீறேன்?"

அரிசி கொண்டுவா, இரண்டையும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

புதிய ஃபால்கனை வெள்ளிக்கிழமை ஓட்டினார். என் எடை ஐம்பத்து நான்கு, பாப்பா அங்கன்வாடியில் நிறுத்தபோது பன்னிரண்டு, ஆக அறுபத்தாறு கிலோ அரிசி. அன்று எடை சரியாகத்தான் இருந்தது. பிரேக் பிரமாதம் என்றார். ஆனால் பின் சீட் கையகலம்தான், அதுவும் தூக்கலாக இருக்கிறது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதில் ஒரு பெண் உட்கார முடியாது என்றார். "நிக்கறதுக்கு நல்ல வண்டி, ஒக்கார்றதுக்கு ஆவாது" என்றார். என் கணவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

பழையதைக் கடையில் பிரித்து, பிரேக் கட்டை மாற்றி, ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டுவதாக வைத்திருந்தார். இன்ஜின் இன்னும் பாடுகிறது, பிரேக்கைத்தான் பாரத்தோடு ரோட்டில் பார்க்க வேண்டும் என்றிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூட்டையைக் கட்டியது நான். அறுபத்தாறு கிலோ கட்ட வேண்டிய இடத்தில் எண்பத்தொன்று கட்டினேன்.

இன்னொரு முறை சொல்கிறேன், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. பதினைந்து கிலோ கூடுதலாக நானே அள்ளிப் போட்டேன். பாரம் கூடினால் பிரேக் திணறும், திணறினால் அவர் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அவரும் பொய் சொன்னதாகாது என்று கணக்குப் போட்டேன். பி.காம். படித்த கணக்கு. அந்த வண்டியில் ஏறப்போகிறவர் ஒரு மனிதர் என்பது அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வரவில்லை.

மூட்டையைத் தூக்கும்போதே அவர் கைக்குக் கனம் தெரிந்தது. கூடவே பிடித்த, கடையில் அவரோடு வேலை பார்த்த இருசப்பன் அண்ணன் இங்கே இருக்கிறார், அவருக்கும் நினைவிருக்கும். "இன்னாம்மா, வெயிட்டு ஏறிப்போச்சா?" என்றார் அண்ணன். நான் சிரித்தேன். அந்த நேரம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்தேன். அவரே எனக்காக ஒரு காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

"பரவால்ல கட்டு இருசப்பா. நாளிக்கு இன்னொரு கொயந்த பொறந்தா அதையும் சேத்துத்தான வண்டி தாங்கணும்."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மதகு வளைவில் வண்டி நிற்கவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தார். மதகுச் சுவரில் மோதியது நெஞ்சு. ஆம்புலன்ஸ் செங்கல்பட்டு போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு ஊர் என்ன சொன்னது? பழைய வண்டி காவு வாங்கிவிட்டது என்றது. பாண்டியன் அண்ணன் எமனை விற்க வந்தார் என்றது. அவர் மில் வாசலில் போய் நின்று கத்திவிட்டு வந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். இன்றைக்கு அவர் வரவில்லை. என் கணவரோ, என் ஆசைதான் அவரைக் கொன்றது என்று பதினாறு நாளாகச் சோறு இறங்காமல் கிடக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஆறுதல் சொன்னேன். எனக்கு அதற்கும் வாய் வந்தது.

என்னங்க, பாப்பா அப்பா, எழுந்து போகாதீங்க. முடிக்கிற வரைக்கும் இருங்க.

ரோட்டில் சிந்தியது போக மீதி அரிசியை இருசப்பன் அண்ணன் எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டார். அதை நிறுத்துப் பார்த்தேன். எழுபது கிலோ. சிந்தியது போக மீந்ததே என்னையும் என் குழந்தையையும் விடக் கனமாக இருந்தது. அதைப் பொங்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. சமையற்கட்டில் அது பாட்டுக்கு நிற்கிறது. பாப்பா அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறாள்.

இன்றைய கூட்டத்தின் மூன்றாவது தீர்மானம், அந்தப் பழைய ஃபால்கனை உடைத்துக் காயலான் கடையில் போடுவது, பாண்டியன் அவர்களோடு சங்கம் எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்வதில்லை என்பது. நான்தான் எழுதினேன். என் கையெழுத்துதான். தயவு செய்து அதை நிறைவேற்றாதீர்கள். வண்டிமேல் குற்றம் என்று நமக்குத் தெரியாது. அறுபத்தாறு கிலோவுக்கு அந்த பிரேக் பிடித்திருக்குமா? பிடித்திருக்கலாம். எத்தனை கிலோவுக்கும் பிடிக்காமலே போயிருக்கலாம். அந்த வண்டியை ஒருமுறை சுற்றி வந்து இதைச் சொல்லக்கூடியவர் இந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் படத்துக்குத்தான் இப்போது மாலை போட்டிருக்கிறோம்.

அக்கா, அம்முலு அக்கா. காரியத்தன்று நீங்கள் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டினீர்கள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கும்படி உங்களிடம் கேட்க மாட்டேன். கேட்டால் மன்னித்துவிடுவீர்கள், அதை வாங்கிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. நடந்ததைப் போலீசிலும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். எழுதி வைத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியாக, மறைந்தவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். முத்துவேல் அண்ணன் கேட்டபடி அதையும் எழுதியிருந்தேன், நல்ல நல்ல வார்த்தைகளாக. இன்று காலை அடித்துவிட்டேன். இருசப்பன் அண்ணன் கடையைத் திறக்க வேண்டும், அரிசி மூட்டைப் பழக்கத்தை விடக்கூடாது, ஆனால் இனிமேல் மூட்டையைக் கடை வாசலில் எல்லோர் கண்ணெதிரே நிறுத்துத்தான் கட்ட வேண்டும். இந்த மூன்றை மட்டும் சங்கத்திடம் கேட்கிறேன். தராசுக்குப் பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னால் நிற்கிறேன். என்னை அந்தப் பக்கமே வராதே என்றாலும் சரிதான்.

எங்கள் வீட்டுக்குப் பழையதும் வரவில்லை, புதியதும் வரவில்லை. இனி வராது. ஆனால் நீங்கள் வாங்குவீர்கள். உங்கள் பிள்ளைகள் வாங்குவார்கள். பழக்கதோஷத்தில் யாராவது ஒருவர் அந்த வார்த்தையைக் கேட்டும்விடுவார், வேதகிரி பார்த்துவிட்டாரா என்று. அந்தப் பழைய ஃபால்கனைப் பற்றி அப்படி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பார்த்தார். அவரைச் சொல்லவிடாமல் செய்தவள் இளமதி.