பல்லவியிலேர்ந்துதான் வருமாம்

ஹலோ... ஹலோ, இங்கிலீஷ் வாத்தியாரா?... அக்காதான்டா பேசறேன்... ஆமா, ஆமா, இன்டர்வியூ முடிஞ்சுது. உன் மாமா வந்து கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காரு... எப்படிப் பண்ணினாரா? பாடினாரு!

...ஆமாடா, பாடினாரு. ஓட்டல்ல பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போய், கவுன்ட்டர் வேலை கேட்டுப் போன மனுஷன், மேனேஜர் முன்னாடி பாடிட்டு வந்திருக்காரு... சிரிச்சே, நேர்ல வந்து அறைவேன்.

...கேளு. கெஸ்ட் கோவமா வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டிருக்காங்க. ‘எக்ஸ்ட்ரா மைல்’ போவேன்னு சொல்லணும், அவ்வளவுதானே?... ஆங், கேட்டதுக்கு மேலயே செய்வேன்னு அர்த்தம். தெரியும், தெரியும். அது நீ இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கட்டின பாட்டுல எங்க வருது? மூணாவது சரணத்துல! முதல்லேர்ந்து பாடினாத்தான் அவருக்கு வாயில வருது. கண்ணை மூடி, மேஜையில தாளம் போட்டு, பல்லவியிலேர்ந்து முணுமுணுத்திருக்காரு... மேனேஜரம்மா, உடம்பு சரியில்லையான்னு கேட்டுத் தண்ணி கொடுத்தாங்களாம்.

...என்ன பெரிய முறை? பாட்டா படிச்சா மறக்காதுன்னே. மறக்கலைடா, வெளியில வரமாட்டேங்குது!... நீயே மெட்டு கட்டு, நீயே கை தட்டிக்கோ. தம்பியாச்சேன்னு வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்.

...ம்... ம்... பேசாம கேளு. பழைய ஆளாச்சேன்னு இரக்கப்பட்டு, சாயங்காலம் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. இதுவும் போச்சுன்னா திரும்பப் பெட்டிதான். இனிமே தூக்கினா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு பயமா இருக்குடா.

...சரி, சரி. வேற ஒண்ணு கொடு. நீ கொஞ்சம், நான் கொஞ்சம்னு விட்டுக் கொடுத்துப் போறதுக்கு இங்கிலீஷ்ல என்னமோ சொல்வியே... ஆமா, பாட்டுல கடைசியில வருமே, அதுதான். பாட்டெல்லாம் வேண்டாம், வெறும் பேச்சா சொல்லு.

...சொல்லு.

...லைன்ல இருக்கியா?... டேய், என்ன சத்தம் அது?... முணுமுணுக்கறியா?... அடப்பாவி, நீயும் பல்லவியிலேர்ந்தா!

...ஐயோ, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், உள்ள கேட்டுடுச்சு... கதவைத் திறக்கறாரு... சிரிக்கிறாருடா. காலையிலேர்ந்து இப்பதான் முகத்துல உயிர் வருது... நீ ஒண்ணும் பெருமைப்பட வேண்டாம்!

...ஏங்க, நீலச் சட்டையைப் போடுங்க. தெரிஞ்ச நாலு வார்த்தையை நேரா பேசிட்டு வாங்க, போதும். வாத்தியார் லட்சணம்தான் கேட்டீங்களே...

என்னடா, இன்னும் லைன்லதான் இருக்கியா?... ரெண்டாவது சரணத்துக்கு வந்துட்டியா?... வைடா போனை!