மறுபக்கத்தில் இருந்த கல்யாண வீடியோ

பெயர்: சுபலட்சுமி
வயது: 29
கணவர் பெயர்: முருகவேல்
விலாசம்: கச்சிராயப்பாளையம் சாலை, கள்ளக்குறிச்சி

கல்வராயன் மலையைச் சேர்ந்த சாமியம்மாள் என்பவர் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தது சம்பந்தமாக விசாரித்தபோது மேற்படியார் சொன்னது:

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் வீட்டின் முன்பக்கத்தில் வீடியோ கடை வைத்து, கல்யாணம், காதுகுத்து போன்ற விசேஷங்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறார். நான் சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதும் வேலை செய்கிறேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து லேப்டாப் ஒன்றுதான் உள்ளது. அதன் ஹார்டு டிஸ்க்கை இரண்டு பாகமாகப் பிரித்து, ஒன்றில் அவருடைய எடிட்டிங் வேலைக்கு விண்டோஸும், மற்றொன்றில் என் வேலைக்கு லினக்ஸும் போட்டிருக்கிறோம். ஆன் செய்ததும் எதற்குள் போக வேண்டும் என்று திரையில் கேட்கும். வீட்டில் நாங்கள் அதை அவர் பக்கம், என் பக்கம் என்று சொல்லுவோம். என் பக்கத்திலிருந்து அவர் பக்கத்து ஃபைல்களைத் திறந்து பார்க்கலாம். அவர் பக்கத்திலிருந்து என் பக்கத்தைப் பார்க்க முடியாது. இது குறித்து என் கணவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து குறை உண்டு.

கடந்த வைகாசி மாதம் வெள்ளிமலையில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு என் கணவர் வீடியோ எடுக்கப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து கேமரா கார்டைப் போட்டபோது அவர் பக்கத்தில் இடம் இல்லாததால், நான் எல்லா வீடியோக்களையும் என் பக்கத்தில் ஏற்றி வைத்தேன். மறுநாள் அவர் களமருதூரில் ஒரு காதுகுத்துக்கு அந்தக் கார்டு தேவை என்று அதிலிருந்ததை அழித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் காலையில் விண்டோஸ் தானாக அப்டேட் ஆகி லேப்டாப் அணைந்து எழுந்தது. அதிலிருந்து எந்தப் பக்கம் என்று கேட்கும் திரை வராமல் நேராக விண்டோஸுக்குள்ளேயே போக ஆரம்பித்தது. அன்று எனக்கு லீவு என்பதால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே மதியம் ஏட்டு திரு. கொளஞ்சியப்பன் அவர்கள் ஒருவரை அழைத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். அவர் பெயர் ஆண்டி என்றும், மலையில் சாமை பயிரிடுபவர் என்றும், அவருடைய அக்கா சாமியம்மாள் மேற்படி கல்யாணத்துக்கு வந்த இடத்தில் காணாமல் போய்விட்டார் என்றும் தெரிந்துகொண்டேன். சொந்தக்காரர்களோடு அக்கா வருவார் என்று நினைத்து ஆண்டி முன்னால் போய்விட்டதாகவும், சொந்தக்காரர்கள் அவர் ஆண்டியோடு போயிருப்பார் என்று நினைத்துவிட்டதாகவும் ஏட்டு சொன்னார். ஆண்டி என்னிடம், "அக்காவுக்குக் காது கேக்காது, வாயும் பேச வராதுங்க. கையாலதான் எல்லாம் சொல்லும். அந்தக் கை பேச்சு எங்க வூட்ல மட்டுந்தாங்க புரியும். வெளியில யாருக்கு இன்னா தெரியும்?" என்று சொன்னார். அவருடைய வேட்டியில் மலைச் செம்மண் அப்படியே இருந்தது. மாற்று வேட்டி கட்டாமல் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

வீடியோவில் அக்கா எந்தப் பக்கம் போனார் என்று தெரிகிறதா பார்க்க வேண்டும் என்று ஏட்டு கேட்டார். என் கணவர் உடனே லேப்டாப்பைத் திறந்து தேடினார். வீடியோ இல்லை. என் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பெயரில்லாத ஒரு டிரைவ் காட்டியது. அவர் அதைத் தட்டியதும், இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யலாமா என்று கேட்டது. அவர், "சுபா, இன்னா இது, உன் பக்கம் காலியா கீதே! ஃபார்மேட் பண்ணாத்தான் தொறக்குமாமே?" என்று சொல்லிக்கொண்டே மவுஸை நகர்த்தினார். நான் உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "கைய எடுங்க! அதுக்கு நம்ம பாஷ படிக்கத் தெரியலன்னா காலின்னு அர்த்தமா? ஓகே குடுத்தா எல்லாம் போயிடும்!" என்று கத்தினேன். ஏட்டு எழுந்து நின்றுவிட்டார். ஆண்டி மட்டும் என்ன நடக்கிறது என்று புரியாமல் எங்கள் மூவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் ஒரு பென் டிரைவில் லினக்ஸை இறக்கி ஏற்றினேன். அப்படிச் செய்தால் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே லேப்டாப்பை ஓட்டலாம். நெட் மெதுவாக இருந்ததால் இறங்குவதற்கு நேரமானது. அதற்குள் ஆண்டிக்கு டீ கொடுத்தேன். அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அதன் பிறகு லேப்டாப்பை அணைத்துப் பென் டிரைவிலிருந்து கிளப்பினேன். என் பக்கம் டிஸ்க் வரிசையில் தெரிந்தது. அதைத் தட்டியதும் என் ஃபோல்டர் பூட்டுப் படத்தோடு வந்தது. நிர்வாகி உரிமை கொடுத்துத் திறந்தேன். கல்யாண வீடியோ மொத்தமும் வைத்தது வைத்தபடி இருந்தது. என் கணவர் ஏட்டய்யாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்.

அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன்: அந்த வீடியோவை என் கணவர் பக்கத்துக்குக் காப்பி செய்யப் பார்த்தபோது, படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது என்று மறுத்துவிட்டது. விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருந்ததே அதற்குக் காரணம். அதனால் ஏட்டு வைத்திருந்த வேறொரு பென் டிரைவில் காப்பி செய்து கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று கேட்கும் திரை வராமல் போனதையும் மறுநாள் நானே சரி செய்துவிட்டேன்.

அதன் பிறகு நாங்கள் நால்வரும் வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். பந்தியில் சாமியம்மாள் இருந்தார். பந்தி முடிந்து வெளியே பேண்டு செட் வாசிக்கும் இடத்தில் மறுபடி தெரிந்தார். பெரிய டிரம் பக்கத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் டிரம் மேல் வைத்துக்கொண்டு, அது அதிர அதிரச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆண்டி எழுந்து வந்து திரைக்கு அருகில் உட்கார்ந்தார். கடைசியாகப் பொண்ணு மாப்பிள்ளை காரில் ஏறுவதை என் கணவர் எடுத்திருந்தார். அதன் ஓரத்தில் பேண்டு செட் ஆட்கள் வேனில் டிரம்மை ஏற்றுவதும், அதற்குப் பின்னாலேயே சாமியம்மாள் ஏறுவதும், வேன் கிளம்புவதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன.

ஏட்டு கல்யாண வீட்டாருக்குப் போன் போட்டார். மலையில் டவர் கிடைக்கவில்லை. டிரம் மேல் பேண்டு செட்டின் பெயரும் போன் நம்பரும் எழுதியிருந்தன. ஆனால் நம்பரின் கடைசி எண்கள் மேல் சாமியம்மாளின் கை இருந்தது. நான் வீடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். அவர் முந்தானையைச் சரி செய்யக் கையை எடுத்த இடத்தில் நிறுத்தினேன். ஏட்டு நம்பரைப் படித்துப் போன் அடித்தார். போனை எடுத்தவர் அந்தப் பேண்டு செட்டை நடத்தும் மணலூர்பேட்டை கண்ணாயிரம். ஸ்பீக்கரில் அவர், "ஐயோ, அந்த அம்மாவா? எங்க வூட்லதாங்க இருக்குறாங்க! மலைய வுட்டு எறங்கி எலவனாசூர்கோட்டைக் கோயில் கச்சேரிக்கு நேரா போயிட்டோம். அங்க டிரம்ம எறக்குறப்பதான் இவங்களப் பார்த்தோம். மலைக்குப் போன் போட்டா போவவே மாட்டேங்குது. நாளைக்கு நானே கூட்டிக்கினு வர்றதா இருந்தேங்க" என்று சொன்னார். ஆண்டி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிறிது நேரம் கழித்து உள்ளே வந்து, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

அதன் பிறகு நாங்கள் நால்வரும் என் கணவரின் ஆம்னி வேனில் மணலூர்பேட்டைக்குப் போனோம். கண்ணாயிரம் வீட்டுக்குப் பின்னால் பேண்டு செட் ஆட்கள் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சாமியம்மாள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து டிரம்மைத் தொட்டுக்கொண்டிருந்தார். கண்ணாயிரத்தின் மனைவி தங்கமணி, "சாப்புட கூப்புட்டாக் கூட ஒரு கைய டிரம் மேலயே வெச்சிக்கினு இருக்குறாங்க" என்று சொன்னார். ஆண்டி ஓடிப்போய் முன்னால் நின்று, அழுதுகொண்டே, "எனக்கு உசுரே போயிடுச்சி. நீ இன்னாடான்னா பூ வெச்சிக்கினு ஜாலியா குந்திக்கினு கீறியா?" என்று வாயாலும் கையாலும் கேட்டார். சாமியம்மாள் எழுந்திருக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்து டிரம் மேல் வைத்து அழுத்தி, பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, அடிக்கச் சொல்லித் தலையை ஆட்டினார். டிரம் அடிக்கும் சின்னராசு ஓங்கி ஒரு அடி அடித்தார். ஆண்டிக்கு அழுகை நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு ஏட்டு கை வைத்தார், நானும் வைத்தேன். தோல் அதிர்வது தோள் வரைக்கும் ஏறியது. தங்கமணி எங்கள் எல்லோருக்கும் சோறு போட்ட பிறகுதான் அனுப்பினார். மலையில் எந்த விசேஷத்துக்கு வாசிக்க வந்தாலும் அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவதாகக் கண்ணாயிரம் ஆண்டியிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது சாமியம்மாள் வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து ஆண்டியிடம் கையால் பேசிக்கொண்டே வந்தார். ஆண்டி எங்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டு வந்தார். பெண்ணையாற்றில் கால் நனைத்ததும், கோயில் வாணவேடிக்கையும், தங்கமணியின் மீன் குழம்பும், திண்ணையில் படுத்த சின்னராசுவின் குறட்டை உள்ளே தன் பாய் வரைக்கும் அதிர்ந்ததும் அதில் இருந்தன. கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது ஆண்டி முன்னால் எட்டி என் கணவரிடம், "அண்ணே, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. எங்கக்கா இவ்ளோ பேசி நான் பார்த்ததே இல்ல. வூடு வந்துட்டா நிறுத்திடும், இன்னும் சொல்லி முடிக்கல" என்று சொன்னார். என் கணவர் அதற்குப் பிறகு இரண்டாவது கியரை மாற்றவே இல்லை.

நான் சொன்னவற்றை எழுதி எனக்கே படித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்து நடந்தது இதுதான், எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
மு. சுபலட்சுமி