கண்ணின் வயதும் கையின் வயதும்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் ஐயா அவர்களே, பிறந்தநாள்தோறும் டாக்டரம்மாவிடம் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்த என் சக ஊழியர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் கண்புரை அறுவை செய்பவன்; முகமூடிக்குள்ளேயே காலம் தள்ளியவன். டாக்டரம்மாவின் நினைவஞ்சலியில் பேசு என்றால் அவரோடு போட்ட சண்டைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயதானால் பார்வை ஏன் மங்குகிறது? லென்ஸ் கலங்கிவிட்டது, என்னிடம் வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்பேன் நான். டாக்டரம்மா விடமாட்டார். லென்ஸுக்குப் பின்னால் விழித்திரை இருக்கிறதே, அதற்குச் சோறு போடுவது யார் என்பார். ரத்தம். அந்த ரத்தத்தைக் கண்ணுக்குக் கொண்டுவருவது எது? தடித்த நூல் அளவுள்ள ஒரு தமனி. உடம்பில் எல்லாவற்றுக்கும் வயதாகும்போது அதற்கு மட்டும் ஆகாதா? அதன் சுவர் விறைக்காதா? விறைத்தால் ரத்தம் எந்த வேகத்தில் வரும்? கேட்டுக்கொண்டே இருப்பார். நமக்குத் தேநீர் ஆறிப்போகும்.

இளையவர்கள் கொஞ்சம் பேர், முதியவர்கள் கொஞ்சம் பேர் என்று அளந்து ஒப்பிட்டால் வேலை முடிந்ததே என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். “அது வேற வேற ஆளுங்க, கத்திக்காரரே. ஒரே கண்ணுக்கு வயசாகுறத நான் பக்கத்துல இருந்து பாக்கணும்” என்றார். என்னை அவர் கடைசிவரை கத்திக்காரர் என்றுதான் அழைத்தார்.

அப்படித்தான் வந்தது நம் மருத்துவமனையின் அந்த வழக்கம். பிறந்தநாள் என்றால் மற்ற இடங்களில் இனிப்பு கொடுப்பார்கள். இங்கே? தாழ்வாரக் கடைசியில் இருக்கும் அந்தச் சின்ன அறை, ஜன்னலோரக் கட்டில், மூடிய இமைமேல் குளிர்ந்த பசை, அதன்மேல் அவர் பிடிக்கும் ஸ்கேன் கருவி. காலையில் தேநீர்கூடக் குடிக்கக் கூடாது, ரத்த ஓட்டத்தின் அளவு மாறிவிடுமாம். வரவேற்பறைப் பெண்ணிலிருந்து தலைமை மருத்துவர்வரை யாருக்கும் விலக்கு கிடையாது. கருவியிலிருந்து உஷ், உஷ் என்று ஒரு சத்தம் வரும். உங்கள் கண்ணுக்குப் போகும் ரத்தத்தை நீங்களே கேட்டுக்கொண்டு படுத்திருப்பீர்கள். எத்தனை பேர் அந்தச் சத்தத்தில் தூங்கிப்போனோம், சொல்லுங்கள்!

ஆண்டுக்கு ஆண்டு எல்லோருக்கும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் தேடியது கண்ணெதிரே கிடைத்துவிட்டது. பெரிய மாநாட்டில் அதைச் சொல்ல அவரை அழைத்தார்கள். வாழ்நாள் முழுதும் செய்த வேலைக்கு அந்த ஒரு மேடைதான்.

மாநாட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நம் ஐயாவின் பிறந்தநாள் வந்தது. அவர்கள் திருமணமான காலத்திலிருந்து அளக்கப்படும் கண் அவருடையது. நம்மிடம் இருப்பதிலேயே நீளமான தொடர் அதுதான். அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். ஐயா கட்டிலில் படுத்தபடியே வழக்கம்போல் அவரைச் சீண்டினார். “முன்னெல்லாம் நீ கை வெச்சதே தெரியாது. இப்ப கனக்குது.”

நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கருவியை எடுத்துவிட்டுத் தம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நம் துறையில் இருப்பவர்களுக்கு இது உடனே உறைக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இமையைக் கொஞ்சம் அழுத்தினாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், உள்ளே போகும் ரத்தம் குறையும். அளப்பவரின் கைக்கும் வயதாகிறதே! நடுக்கம் தெரியாமலிருக்க அது தன்னை அறியாமல் கொஞ்சம் ஊன்றிக்கொள்கிறதே! அப்படியானால் இத்தனை ஆண்டும் குறைந்தது ரத்தமா, அல்லது கூடியது கையின் பாரமா?

வேறு யாராக இருந்தாலும் மாநாடு முடியட்டும் என்று இருந்திருப்பார்கள். நானே அதைத்தான் சொன்னேன். அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இந்த மேடையில் சொல்ல முடியாது. மறுநாளே முழங்கைக்கு ஒரு தாங்கி வைத்தார். கருவி இமையைத் தொடாமல் பசையின்மேல் மிதக்கும்படி பசையை அள்ளிப் பூசினார். அகப்பட்டவர்களையெல்லாம் பழைய முறையில் ஒருதரம், புதிய முறையில் ஒருதரம் அளந்தார். தம் எண்களைக் காட்டாமல் என்னையும் தனியே அளக்கச் சொன்னார். புதிய முறையில் எல்லோருக்கும் வேகம் ஏறியது, இளம் செவிலியர்களுக்குக்கூட. ஆனால் பல ஆண்டுகளாக அளக்கப்பட்டவர்களுக்குக் குறைந்ததில் பாதிதான் திரும்பி வந்தது.

மாநாட்டு மேடையில் ஏறி அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். “இத்தனை வருஷமா கண்ணோட வயச அளந்தேன்னு நெனச்சேன். அதுல பாதி என் கையோட வயசு.” பிறகு கீழே இறங்கி வந்து என் காதருகில் சொன்னார்: “மிச்சப் பாதி நிஜம், கத்திக்காரரே!” குழந்தையைப் போல மகிழ்ந்தார்.

அன்றிலிருந்து இங்கே யாரும் தனியாக அளப்பதில்லை. ஒரு கண்ணை இரண்டு கைகள் அளக்கின்றன. நாம் சரியாகச் செய்கிறோமா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அவர் ஒரு கேள்வியைப் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரத்தம் குறைவதால் கண் சோர்கிறதா, கண் சோர்ந்து குறைவாகக் கேட்பதால் ரத்தம் குறைகிறதா? எது முதலில்? யாருக்குத் தெரியும்? அதே கண்களை விடாமல் பார்த்தால்தான் தெரியும். பார்ப்போம். அந்த அறையைப் பூட்ட மாட்டோம். என் கைக்கு வயதானால் இன்னொரு கையிடம் கருவியைக் கொடுப்பேன். இது டாக்டரம்மாமீது ஆணை.

ஐயா, நாளை உங்கள் பிறந்தநாள். இன்று காலை உங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவள் இல்லாமல் அந்தக் கட்டிலில் எப்படிப் படுப்பேன் என்று கேட்டீர்கள். ஆனாலும் அழைக்கிறேன். இந்தத் தொடர் உங்களோடு அறுந்துவிட வேண்டாம். நாளைக் காலை தேநீர் குடிக்காமல் வாருங்கள்.

ஐயா ஏதோ சொல்கிறார். கொஞ்சம் அமைதி. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்லிவிடுகிறேன்.

“வர்றேன். ஆனா கை கனத்தா சொல்லிடுவேன்” என்கிறார்.

சொல்லுங்கள் ஐயா. அவசியம் சொல்லுங்கள்.